பட்டர் ஏன் நிற்பதில்லை

யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்களிடம் ஐசிங்குக்கு ஏன் பட்டர் போடுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வரும்: "பட்டர் நிக்காது, தம்பி." மாஜரின் நிற்கும். கடையில் கிலோக் கணக்கில் விற்கும் வெள்ளைக் கொழுப்பு இன்னும் நன்றாக நிற்கும். பட்டரால் பிழிந்த ரோசாப்பூ மட்டும் வெயில் ஏற ஏற இதழ் தொங்கி, பின்னேரம் ஆட்கள் வந்து சேரும்போது வழிந்து கிடக்கும். ஆகவே நிற்பதைப் போடுகிறார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் அண்ணத்தில் மெழுகு ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். பிள்ளைகள் ஐசிங்கை வழித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கேக்கை மட்டும் தின்கிறார்கள்.

நிற்பதும் ருசிப்பதும் ஏன் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றன என்பதை ஒரு வெப்பமானியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

பட்டர் தனியொரு பொருள் கிடையாது. பாற்கொழுப்பில் எத்தனையோ வகைக் கொழுப்பு மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. சில குளிர்சாதனப்பெட்டிக்குள்ளேயே திரவமாக இருப்பவை. சில 40 பாகை செல்சியசுக்குக் கிட்டவரை திண்மமாக இருப்பவை. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கல்லாக இருக்கும் பட்டர் 20 பாகையில் விரலுக்கு இளகிக் கொடுக்கிறது. அந்த வெப்பநிலையில் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பளிங்காக எஞ்சியிருக்கும். அந்தச் சிறு பளிங்குகள் ஒன்றையொன்று கொழுவிப் பிடித்து, மிகுதித் திரவக் கொழுப்பையும் அடித்தபோது உள்ளே புகுந்த காற்றையும் தாங்குகின்றன. 30 பாகைக்கு வந்தால் பளிங்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவுக்குக் குறைந்துவிடும். பிறகு தாங்குவதற்கு எதுவும் இல்லை. பட்டர் முழுதாக உருகுவதற்கு முன்பே பூவின் வடிவம் போய்விடுவது இதனால்தான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மனித வாயின் உட்பக்கம் 35, 36 பாகை. இங்கிலாந்தில் ஒரு சமையலறை 20 பாகை. மேசையில் விறைப்பாக நின்று வாயில் உருகுவதற்கு அங்கே பட்டருக்கு 15 பாகை இடைவெளி கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல், மே நடுப்பகல் 33, 34 பாகையைத் தொடும். சீற் போட்ட குசினியென்றால் அதற்கும் மேலே. இங்கே மிஞ்சும் இடைவெளி இரண்டு பாகை. இந்த இரண்டு பாகைக்குள் கல்லிலிருந்து நெய்யாக மாறும் சமையற் கொழுப்பு உலகிலேயே அரிது. மாஜரினும் வெள்ளைக் கொழுப்பும் பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருபவை. அவற்றின் விறைப்பான பகுதி வாயின் வெப்பத்தைத் தாண்டித்தான் உருகும். யாழ்ப்பாண வெயிலுக்கு உருகாத கொழுப்பு யாழ்ப்பாண நாக்குக்கும் உருகாது. அண்ணத்தில் ஒட்டும் படலம் அதுதான். நாக்கின் சுவைமொட்டுகளுக்கு மேலே அது பரவிக் கிடக்கிறது; உருகாத கொழுப்புக்குள் அகப்பட்ட வனிலாவின் மணமும் மெல்லத்தான் வெளியே வரும்.

ஆங்கிலப் புத்தகத்திலோ யூரியூப்பிலோ பார்த்த செய்முறையை அப்படியே செய்து தோற்றவர்களின் கையில் குறை இல்லை. அந்தச் செய்முறை 20 பாகைக்கு எழுதப்பட்டது.

இதில் வேதியியலுக்கு வெளியே ஒரு காரணமும் இருக்கிறது. பிறந்தநாள் கேக்குக்குக் காசு அனுப்புபவர் கனடாவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி "இப்படியே வேணும்" என்கிறார். முடிந்ததும் அவருக்குப் போவதும் படம்தான். காசு கொடுப்பவர் பார்க்கிறார், சாப்பிடுபவர் வேறொருவர். சாமத்திய வீடுகளிலும் கலியாணங்களிலும் நிற்கும் அடுக்குக் கேக்குகளில் பல, உள்ளே றெஜிபோமும் வெளியே ஐசிங்குமாக இருப்பவை. மேடையில் வீடியோவுக்கு நிற்பது அது. சாப்பிடுவதற்குத் தனியாகப் பெட்டிகளில் துண்டு வரும். ருசியைக் கேட்பார் இல்லாத இடத்தில் ஐசிங் எப்படியும் இருந்துவிட்டுப் போகலாம். நான் பேசுவது வெட்டிச் சாப்பிடுகிற கேக்கைப் பற்றி.

அடுத்த குறை நறநறப்பு. 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி என்பது வழக்கமான அளவு. பட்டரில் தண்ணீர் நூற்றுக்குப் பதினாறு. 250 கிராமில் 40 கிராம். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேலே சீனி கரையும். அப்படியானால் அந்த 40 கிராம் தண்ணீரில் கரையக்கூடியது அதிகம் போனால் 90 கிராம். மிகுதி 400 கிராமுக்கு மேலே கரையாத துணிக்கைகளாகவே கிடக்கும், எவ்வளவு நேரம் பீற்றரைச் சுழற்றினாலும். நாக்கு 20, 30 மைக்குரோமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கையைக் கண்டுபிடித்துவிடும். கடை ஐசிங் சீனியில் அதைவிடப் பெரியவை நிறைய உண்டு. வீட்டுக் கிரைண்டரில் அரைத்த சீனியில் இன்னும் அதிகம். போதாததற்கு, கட்டி பிடிக்காமல் இருப்பதற்காக ஐசிங் சீனியோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சோள மா சேர்த்திருப்பார்கள். அது வேகாத மா. நாக்கில் மாவாகவே தெரியும்.

ஐந்து நிமிடம் கூட அடித்தால் நறநறப்புப் போய்விடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அடிப்பதால் காற்றுத்தான் சேரும். கரைவதற்குத் தண்ணீர் வேண்டும், அல்லது சூடு வேண்டும்.

ஆகவே வழி ஒன்றுதான்: விறைப்பைக் கொழுப்பிடம் கேட்காமல் வேறு எதனிடமாவது கேட்பது. புரதம், வெந்த மா, பருப்பின் துணிக்கை ஆகிய மூன்றும் 33 பாகையைப் பொருட்படுத்துவதில்லை.

புரதம் என்றால் முட்டை வெள்ளைக்கரு. நான்கு முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 110 கிராம் தண்ணீர் இருக்கும். அதில் 240 கிராம் சாதாரணச் சீனியைப் போட்டுக் கொதிதண்ணீர்ச் சட்டியின் மேலே வைத்துக் கலக்கிக்கொண்டே 70 பாகைவரை சூடாக்கினால் ஒரு பருக்கையும் மிஞ்சாது. 70 பாகையில் ஒரு கிராம் தண்ணீர் மூன்று கிராமுக்கு மேலே கரைக்கும். 30 பாகைக்கு ஆறிய பிறகும் 2.2 கிராமைக் கரைத்து வைத்திருக்கும். 110 கிராமுக்கு 240 கிராம் என்ற அளவு அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சல்மொனெல்லாவுக்கும் அந்தச் சூடு போதும். அடுப்பிலிருந்து இறக்கி, கிண்ணத்தின் அடி ஆறும்வரை அடித்தால், விரிந்த புரத இழைகள் காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும். பளபளப்பான, நறநறப்பே இல்லாத வெள்ளை நுரை. இதோடு பட்டரை அடித்தால் சுவிஸ் மெறிங் பட்டர் ஐசிங். சுவையில் இதை வெல்ல ஐசிங் இல்லை என்பது என் கருத்து. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பட்டரைச் சேர்த்த கணத்திலேயே இரண்டு பாகைச் சிக்கல் திரும்பி வந்துவிடுகிறது. அதை அடுக்குகளுக்கு நடுவே பூசுங்கள். வெளியே பட்டர் சேராத வெறும் நுரையைப் பூசுங்கள். உருகுவதற்கு அதில் எதுவும் இல்லை.

அந்தப் பட்டரின் ஒரு பங்கை வெள்ளைச் சொக்லேற்றால் மாற்றியும் பார்க்கலாம். கொக்கோக் கொழுப்பு 34 பாகைக்குக் கிட்டத்தான் உருகும், உருகும்போது சட்டென்று உருகும். நான் அரிது என்று சொன்ன கொழுப்புகளில் அது ஒன்று. ஆனால் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கேக்குக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கொம்பவுண்ட் சொக்லேற்றில் கொக்கோக் கொழுப்புக்குப் பதிலாகப் பாம் பருப்பெண்ணெய் போன்ற வேறு கொழுப்பு இருக்கும். அதை வாங்கினால் மெழுகைப் பின்கதவால் கூட்டிக்கொண்டு வந்த கதை.

முட்டை சேராத வீடுகளுக்கு வெந்த மா. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் புழங்காத வீடுகள் கனக்க. அந்த நாட்களில் பிறந்த பிள்ளைக்கும் கேக் வேண்டும். 250 மில்லிலீற்றர் பாலில் 40 கிராம் கோதுமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, 200 கிராம் சீனியும் போட்டு, பச்சை மணம் போகும்வரை கிண்டினால் பசையாகத் தடிக்கும். 60 பாகையைத் தாண்டும்போது மாப்பொருள் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி, வெடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒடியற்கூழ் அடுப்பில் தடிப்பதும் இதே விதியால்தான். பசை நன்றாக ஆறிய பிறகு 200 கிராம் பட்டரோடு அடித்தால் கிறீம் போல வரும். அமெரிக்காவில் ரெட் வெல்வெற் கேக்குக்குப் பழைய நாளில் பூசியது இதைத்தான். சீனி முழுதும் பாலில் கரைந்துவிடுகிறது. பட்டரின் அளவுக்கு ஒரு பங்கு சீனியே போதும், இரண்டு பங்கு தேவையில்லை. "ஐசிங் திகட்டுது" என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நடுப்பகலில் இதற்கும் குளிர் வேண்டும் என்றாலும், பட்டரும் சீனியும் மட்டும் சேர்ந்த ஐசிங் போல அறுந்து ஓடாது.

இந்த மாப்பசைக்குப் பனங்கட்டி பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தவில்லை. சீனியில் கால் பங்கைக் குறைத்துப் பனங்கட்டி போடுங்கள். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். காய்ச்சும்போது அந்தக் காரத்தன்மையில் சீனியும் புரதமும் சேர்ந்து கருகாமல் பழுப்பேறுவதால் வருவதுதான் அந்த வறுத்த வாசம். பாகாக்கி வடித்துச் சேர்க்க வேண்டும், அடியில் மண்டி நிற்கும். நிறம் பழுப்பாக வரும், ஆகவே படத்துக்கு உதவாது; அடுக்குக்குள்ளே வைத்துவிடலாம். வெளிநாட்டுக் கரமலை விலைக்கு வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

உப்பும் புளியும் பற்றி இரண்டு வரி. ஒரு சிட்டிகை உப்பு இனிப்பைக் குறைக்காது. மொட்டையான இனிப்புக்கு ஒரு ஆழம் தரும். உப்பு பட்டர் வாங்கினால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இனிப்பை அடக்குவது புளிப்புத்தான். சில துளி தேசிக்காய்ப்புளி போதும். கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சாற்றை அப்படியே ஊற்றினால் ஐசிங் திரிந்து பிரியும், பழத்தில் நூற்றுக்கு எண்பது தண்ணீர். சாற்றை அடுப்பில் வற்றக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும்.

இனி பொன்டன்ற். கேக்குக்கு மேலே துணிபோல விரிக்கும் அந்தச் சீனித் தகட்டை விரும்பிச் சாப்பிட்ட பெரியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஐசிங் சீனி, ஜெலற்றின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பு: இதில் மணக்கக்கூடியது ஒன்றும் இல்லை. மேலே விடும் வனிலாவும் அந்தப் பிசுபிசுப்புக்குள் அகப்பட்டு மூக்குக்கு வந்து சேருவதில்லை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாயிலிருந்து பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம். அது ஏறாதபோது இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் பொன்டன்ற் என்ற பெயரில் இன்னொரு பொருளும் உண்டு. சீனிப் பாகை 114, 115 பாகைவரை காய்ச்சி, அதாவது பச்சைத் தண்ணீரில் விட்டால் விரலால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, அசைக்காமல் 45 பாகைவரை ஆறவிட்டு, பிறகு பலமாகக் கிண்டுவார்கள். ஆறும்போது அசைத்தால் பெரிய பளிங்குகள் சிலவே வளரும். ஆறிய பிறகு கிண்டினால் ஒரே நேரத்தில் எண்ணற்ற நுண்பளிங்குகள் பிறக்கும். எதற்கும் பெருக்கச் சீனி மிஞ்சாது. நாக்கின் எல்லையான 20 மைக்குரோமீற்றருக்குக் கீழேயே அவை நின்றுவிடுகின்றன. காய்ச்சும்போது தேசிக்காய்ப்புளி இரண்டு துளி விட்டால் சுக்குரோசில் ஒரு பகுதி குளுக்கோசாகவும் புரக்ரோசாகவும் உடைந்து பளிங்குகளின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும். பழைய ஐரோப்பிய மிட்டாய்க்காரர்கள் பட்டர் ஐசிங்குக்கு ஐசிங் சீனிக்குப் பதிலாக இந்த வெண்பாகையே சேர்த்தார்கள். சோள மா இல்லை, நறநறப்பும் இல்லை. பாகின் பதம் கண்ணாலே தெரிந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இது கைவராத வித்தை அல்ல. இவ்வளவு நாளும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

தகட்டுப் பொன்டன்றுக்கு இன்னொரு தடை ஜெலற்றின். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது. சைவக்காரருக்கு மட்டுமல்ல, முஸ்லிம் வீடுகளுக்கும் அது கேள்விக்குரியது. 30 பாகையைத் தாண்டினால் இளகவும் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாகச் சைனாகிராஸ் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அது 85 பாகைவரை உருகாது, ஆனால் இழுபடவும் மாட்டாது. தகடு மூலையில் கிழியும். இழுபடும் தன்மை தருபவை பிசின்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹியூ பிளற் எழுதிவைத்த சீனிப்பசையில் ஜெலற்றின் கிடையாது. மேற்காசியச் செடியொன்றின் பிசினான திரகாந்தைப் பன்னீரில் ஊறவைத்துச் சீனியோடு பிசைந்தார்கள். இப்போது கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் சீ.எம்.சி. தூள் செய்வதும் அதே வேலைதான். சைவப் பொன்டன்ற் நேற்று வந்த மோஸ்தர் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் தகட்டை எவ்வளவு திருத்தினாலும் அது சீனிதான். உண்மையான விடை நம் ஊரில் முன்பே இருந்தது: றிச் கேக்கின் மேலே பூசுகிற கஜுப் பசை. ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் இஞ்சித் தோசியும் போட்ட இலங்கைக் கலியாணக் கேக்குக்கு மேலே, றோயல் ஐசிங்குக்குக் கீழே, ஒரு படை இருக்கும். ஆங்கிலேயர் அதைப் பாதாமில் செய்தார்கள். பாதாம் இங்கே விளையாது. போர்த்துக்கீசர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த கஜு புத்தளம், மன்னார்ப் பக்க வறண்ட மண்ணில் நன்றாகக் காய்த்தது. கஜுவை அரைத்து, ஐசிங் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பிசைந்து, பாதாம் எசன்ஸ் சில துளி விட்டார்கள். எசன்ஸில் இருக்கும் பென்சல்டிகைட்டு மூக்கை ஏமாற்றிவிடும். பெயரும் "ஆமண்ட் பேஸ்ற்" என்றே நின்றுவிட்டது.

இந்தப் பசை நம் வெயிலுக்கென்றே செய்ததுபோல வேலை செய்கிறது. கஜுவில் கொழுப்பு நூற்றுக்கு 45 அளவில் உண்டு. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி ஒலெயிக்கமிலம் சார்ந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே எண்ணெய். ஆனால் அந்த எண்ணெய் பருப்பின் கலங்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. பசைக்கு விறைப்புத் தருபவை பருப்புத் துணிக்கையும் சீனித் துணிக்கையும் மட்டுமே. 33 பாகையானாலும் 38 பாகையானாலும் உருகுவதற்கு அங்கே கொழுப்புப் பளிங்கு இல்லை. பல்லுக்கிடையில் கலம் உடையும்போதுதான் எண்ணெய் வெளியே வருகிறது, மணத்தோடு. மெழுகுப் படலமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கிரைண்டரை நிறுத்தாமல் ஓட்டினால் சூட்டில் கலங்கள் அங்கேயே உடைந்து எண்ணெய் கக்கிவிடும். சீனியில் ஒரு பங்கையும் சேர்த்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும்.

முட்டை வேண்டாதவர்கள் வெள்ளைக்கருவுக்குப் பதிலாகக் கம்பிப் பதப் பாகை ஊற்றிக் கிளறலாம். வட இந்தியாவின் கஜு கத்லி அப்படிச் செய்வதுதான். அதையும் உருட்டுத்தடியால் தகடாகத்தான் தேய்க்கிறார்கள். கஜு விலை கையைக் கடிக்கும் என்பது சரி. அடியில் மூன்று மில்லிமீற்றர் கஜுப் படை, மேலே இரண்டு மில்லிமீற்றருக்கு மிகாமல் பொன்டன்ற் என்று வைத்தால் படத்துக்கும் பழுதில்லை, வாய்க்கும் பழுதில்லை. பொன்டன்றுக்குக் கடும் சிவப்போ கறுப்போ வேண்டுமென்றால் சாயம் நிறையக் கொட்ட வேண்டிவரும், கைக்கும். கறுப்புக்குக் கொக்கோத்தூளில் தொடங்கி முடிவில் சாயத்தைச் சேர்ப்பது நல்லது.

1990 முதல் 1995 வரை போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. குளிர்சாதனப்பெட்டியை நம்பாத ஐசிங் எது என்ற கேள்வி இங்கே வெறும் கைவண்ணம் பற்றியதாக எப்போதும் இருந்ததில்லை. கஜுப் பசையும் றோயல் ஐசிங்கும் பெட்டி இல்லாமலே நாட்கணக்கில் இருக்கக்கூடியவை. சீனி அவற்றிலுள்ள தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடுவதால் கிருமிகளுக்குக் குடிக்கக் கிடைப்பதில்லை.

கடைசியாக, மழை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் குடாநாட்டின் காற்றில் சாரீரப்பதன் 85 வீதத்தை எளிதாகத் தாண்டும். சுத்தமான சீனி காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்குவது ஏறத்தாழ அந்த எல்லையில்தான். குளுக்கோசும் கிளிசரினும் கலந்த பொன்டன்ற் அதற்கு முன்பே வியர்க்கும். ஆகவே மழை மாதத்தில் கிளிசரினைக் குறைத்து, வெயில் மாதத்தில் வெடிக்காமல் இருக்கக் கூட்ட வேண்டும். ஒரே அளவை வருடம் முழுதும் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின் கதை வேறு. 30 பாகையும் 80 வீதச் சாரீரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை 26 பாகை. 4 பாகையில் இருக்கும் கேக் அந்தக் காற்றைத் தொட்ட மாத்திரத்தில் மேலெல்லாம் நீர்த்துளி படியும், சாயம் வழியும். கேக்கை மட்டைப் பெட்டிக்குள் மூடிப் பெட்டியோடேயே குளிரில் வையுங்கள். எடுத்த பிறகு ஒன்றரை மணி நேரமாவது பெட்டியைத் திறக்க வேண்டாம். நீர் மட்டையில் படியும், கேக்கில் படியாது. அதற்குள் பட்டரும் வெட்டுவதற்கு ஏற்ற பதத்துக்கு வந்திருக்கும்.